எட்டேகாலுக்கு வரும் சத்தம்

பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்கு ரிஜிஸ்டர் மேடம் என்று பெயர். வைத்தவர் விளையாட்டு வாத்தியார். சாக்பீஸ் பெட்டி ஒன்று வாங்கினால்கூட அன்றைக்கே பதிவேட்டில் ஏறிவிட வேண்டும் அவளுக்கு. எதுவும் பாக்கி நிற்கக் கூடாது. போனில் படிக்காத செய்தி என்று ஒன்று இருக்காது. "மேடம் வீட்டுக் காலண்டர்ல நாளைக்குத் தேதியையும் இன்னிக்கே கிழிச்சிடுவாங்க" என்பார் வாத்தியார். அவளும் சிரித்துவைப்பாள்.

அப்படிப்பட்டவள் ஏழு மாதமாக வீட்டில் ஒரு பொய்யை நாள் தவறாமல் நடத்திக்கொண்டிருந்தாள் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

காலை எட்டேகாலுக்கு உள் அறைக்குப் போவாள். மேஜை மேல் கணவனின் லேப்டாப். பொத்தானை அழுத்துவாள். அதன் உள்ளே மின்விசிறி கொஞ்சம் இரையும். பிறகு அந்தச் சத்தம் வரும். தண்ணீரில் அடுத்தடுத்து நாலு கூழாங்கல் விழுந்த மாதிரி நாலு சுரம், கடைசிச் சுரத்துக்கு மட்டும் கொஞ்சம் வால் நீளம். கூடத்தில் ஜன்னலோர நாற்காலியிலிருந்து மாமனார் குரல் கொடுப்பார்.

"உட்கார்ந்துட்டானா?"

"உட்கார்ந்துட்டார் மாமா."

"சரி, சாப்பாட்டைக் கொண்டாம்மா."

அவ்வளவுதான். அவர் சாப்பிடுவார், மாத்திரை போட்டுக்கொள்வார். அவள் லேப்டாப்பை அணைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். பகலில் கீழ் வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

கணவன் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். ஒரு மத்தியானம் மருந்துக்கடைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. மாமனாருக்கு அதற்கு முன்பே ஞாபகம் கரையத் தொடங்கியிருந்தது. பிள்ளை செத்ததை அவருக்கு மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் அவருக்கு அது புதுச் செய்தி. மூன்றாவது தடவை இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. "சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு. ஆனா சாப்பாடு நின்னா ஆள் நின்னுடுவார்" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், கம்பெனி கேட்ட ஏதோ ஒரு கோப்பைத் தேடி அவள் லேப்டாப்பைத் திறந்தாள். நாலு சுரம் ஒலித்தது. கூடத்திலிருந்து, "உட்கார்ந்துட்டானா? அப்ப எனக்கும் கொண்டா" என்று குரல் வந்தது. அவள் மறுக்கவில்லை. மறுநாளும் திறந்தாள்.

லேப்டாப்பின் மூலையில் ஓர் அறிவிப்பு நெடுநாளாகக் காத்துக் கிடந்தது. புது அப்டேட் தயார், இப்போது போடலாமா, பிறகு போடலாமா? கணவன் எப்போதும் 'பிறகு' என்பதைத்தான் அமுக்குவான். "ஓடற வண்டியை எதுக்கு நிறுத்திப் பார்க்கணும்?" என்பான். அவளுக்கோ அந்த அறிவிப்பைக் காணும்போதெல்லாம் கை அரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு பாக்கி எதுவும் இல்லாத நேரத்தில், 'இப்போது' என்பதை அமுக்கிவிட்டாள். ஒரு மணி நேரம் சதவீதம் ஏறியது. நூறு ஆனதும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட திருப்தியோடு மூடிவைத்தாள்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்குப் பொத்தானை அழுத்தினாள். திரை வெளிச்சமானது. சத்தம் இல்லை.

அணைத்துத் திறந்தாள். இல்லை. ஒலி குறைந்திருக்கிறதோ என்று கூட்டிப் பார்த்தாள். ஏற்கெனவே முழுசாகத்தான் இருந்தது. கூடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளே முந்திக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"அவர் உட்கார்ந்துட்டார் மாமா, சாப்பிடுங்க."

"எங்க உட்கார்ந்தான்? சத்தமே வரல."

"வெளியே போயிருக்கார், காலையிலேயே."

"கதவு சத்தமும் வரலையே."

பதினோரு மாடிக் கட்டடத்தில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு, கயிறு முனகுவதை வைத்தே எத்தனையாவது மாடி என்று சொல்வாராம். ஊர்ப்பட்ட விஷயம் மறந்தும் காது மட்டும் மறக்கவில்லை. அவள் லேப்டாப்பில் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தாள். "பாட்டு யார் வேணா போடலாம்" என்று தட்டைத் தள்ளிவைத்தார்.

பஸ்ஸில் நின்றபடியே, வெளியூர் விடுதியில் படிக்கும் மகளைக் கூப்பிட்டாள்.

"பாட்டு வருதுன்னா ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. ஆரம்ப சத்தம் மட்டும்தானே போச்சு? அது இல்லாட்டி என்னம்மா, வேலை செய்யுதுல்ல?"

கேட்ட கையோடு மகளுக்கே புரிந்துவிட்டது.

"இன்னும் தாத்தாகிட்ட அந்த நாடகத்தை ஓட்டிக்கிட்டு இருக்கியா?"

"அவர் சாப்பிடணும்டி."

"எனக்கு அங்க வரவே பயமா இருக்கும்மா. அப்பா ரூம்ல லைட் எரியறதைப் பார்த்தா..."

"சரி, வகுப்புக்கு நேரமாச்சு, போ" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். மாடிப்படிக்கு அடியில், இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும் இடத்தில் ஒரு பழுதுக்கடை. அதை நடத்துகிறவளைத் தெருவே 'டாக்டரம்மா' என்று கூப்பிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு யாருடைய போனின் குடலையோ உருவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா செய்யுது?"

"செய்யறதெல்லாம் செய்யுது. தொறக்கும்போது ஒரு சத்தம் வரும். அது வரல."

டாக்டரம்மா ஏற இறங்கப் பார்த்தாள். "சத்தம் போடுதுன்னு கொண்டு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். போடலைன்னு வந்தது நீங்கதான் முதல்."

இரண்டு மூன்று பக்கங்களைத் திறந்தாள். ஆரம்ப ஒலிக்கு ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அப்டேட் அதிலிருந்த டிக்கை எடுத்துவிட்டிருந்தது. திரும்பப் போட்டு, அணைத்துத் திறந்தாள். அப்போதும் ஊமை. 'மறுதொடக்கம்' கொடுத்தாள். உடனே ஏதோ ஒலித்தது.

"ஓஹோ, கதை இதுதானா? அக்கா, அப்டேட்டுக்கு அப்புறம் இது முழுசா அணையறதே இல்ல. சீக்கிரம் எழுந்திருக்கணும்னு ஒரு கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டுத் தூங்குது. தூங்காதவன் எதுக்குக் காலை வணக்கம் சொல்லப் போறான்? அந்த வேகத்தை நிறுத்திட்டேன். இனிமே ஒழுங்கா செத்து ஒழுங்கா பிழைக்கும்."

அவள் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள். தெரு இரைச்சலில் அந்த ஒலியைச் சரியாகக் கேட்கக்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்குக் கேட்டாள். அது வேறு ஒலி. பெரிய ஹோட்டல் வாசலில் கண்ணாடிக் கதவு திறப்பதுபோல மெத்தென்று ஒரே இழுப்பு. அப்டேட்டை அனுப்பியவர்கள் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்திருந்தார்கள்.

கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"உள்ள யாரு?"

"அவர்தான் மாமா."

"அவன் இல்ல. வேற யாரோ அவன் இடத்துல உட்கார்ந்திருக்கான்." குரல் தாழ்ந்தது. "ஏம்மா, நீ தனியாவா அங்க நிக்கற? வெளியே வா. கதவைச் சாத்து."

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுக்குத் தன் முதுகைக் காட்ட அவளுக்கே மனம் வரவில்லை. யார் இருக்கிறார்கள் உள்ளே? யாரும் இல்லை. யாரும் இல்லை என்று எட்டு மாதமாகத் தெரியும். ஆனாலும் கைப்பிடியை விடாமல் நின்றாள்.

அன்றைக்கு மாமனார் தடியைக் குறுக்கே வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கெஞ்சிக் கூத்தாடி அரை டம்ளர் பால் குடிக்கவைத்தாள். வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது. அதனால் மாத்திரையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அன்று ஒரு வருகைக் கணக்கை இரண்டு தடவை ஏற்றிவிட்டாள். விளையாட்டு வாத்தியார் கேலி செய்ய வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து மென்று விழுங்கிவிட்டார்.

"பழைய சத்தம்தான் வேணும்" என்றாள் சாயங்காலம் கடையில்.

"புதுசு நல்லாத்தானேக்கா இருக்கு?"

"பழசுதான் வேணும்."

டாக்டரம்மா முனகிக்கொண்டே பரணிலிருந்து தூசி படிந்த ஒரு பழைய இயந்திரத்தை இறக்கி அதில் தேடினாள். "இதுவா பாருங்க" என்று தட்டினாள்.

நாலு சுரம், கடைசிச் சுரத்துக்கு வால்.

அவள் சடக்கென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். மாடிப்படி, மாட்டியிருந்த ஒயர்கள், தெருவில் போகிற வருகிற ஜனம். யாரைத் தேடினோம் என்று புரிந்ததும் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் தினமும் அந்த நாலு விநாடியும் இப்படித்தான் நின்றிருக்கிறாள் போலும். 'உட்கார்ந்துட்டார் மாமா' என்று சொன்னதெல்லாம் முழுப் பொய்யாகச் சொன்னதில்லை.

"அக்கா, உட்காருங்க. என்ன ஆச்சு?"

சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும், நின்றுகொண்டே, பதிவேட்டை வாசிக்கிற மாதிரி. டாக்டரம்மா நெற்றி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாள். ஒலிக்கோப்பைப் பிரதி எடுத்து, பழைய இடத்தில் பொருத்தி, மூன்று தடவை அணைத்துத் திறந்து காட்டினாள். "வேணாம்னா எப்படி எடுக்கறதுன்னும் பார்த்துக்குங்க" என்று அதையும் ஒரு தடவை செய்து காட்டினாள்.

புதன்கிழமை எட்டேகால். பொத்தான், மின்விசிறி, நாலு சுரம்.

"உட்கார்ந்துட்டானா!" மாமனார் குரலில் இரண்டு நாள் பயமும் போய்விட்டிருந்தது. "ரெண்டு நாளா எங்க போயிருந்தானாம்? இரு, நானே வந்து கேக்கறேன்."

இதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஏழு மாதத்தில் ஒரு நாளும் அவர் எழுந்து வந்ததில்லை. சத்தம் வந்தால் போதும் அவருக்கு. இப்போது தடி தரையில் தட்டத் தட்ட நெருங்கி வந்தது. "மாமா, நீங்க இருங்க, நான்..." என்பதற்குள் வாசலில் நின்றார். எரிகிற திரையைப் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எங்கம்மா?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. குளிக்கப் போயிருக்கிறார். அவர் குளியலறைக்கும் போய்ப் பார்ப்பார்.

"அவர் இல்ல மாமா. போயிட்டார்."

அவருக்குப் புரிந்தது. எந்தப் போதல் என்று கேட்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்போ?"

"எட்டு மாசம் ஆச்சு."

"எனக்குச் சொன்னீங்களா?"

"சொன்னோம் மாமா. மூணு தடவை."

"அழுதேனா?"

"மூணு தடவையும்."

திரும்பவும் திரையைப் பார்த்தார். கண் கலங்கியது, ஆனால் உடையவில்லை. "அப்ப தினமும் இங்க வந்து இதைத் தொறக்கறது நீதானா?"

"நான்தான்."

"தனியாவா?"

அதற்குத்தான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு. அவர் தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு அவள் தோளைத் தொட்டார்.

"நாளைக்கு இதுவும் மறந்துடும் எனக்கு. மறந்துட்டுக் கேட்டேன்னா, உட்கார்ந்துட்டான்னே சொல்லிடு. நான் சாப்பிட்டுக்கறேன். ஆனா நீ அதை நம்பிக்கிட்டு இருக்காதம்மா."

கூடத்துக்குத் திரும்பி, அவள் கொடுத்ததில் பாதியைச் சாப்பிட்டார். மாத்திரையையும் போட்டுக்கொண்டார். அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள்.

வியாழக்கிழமை எட்டேகாலுக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். நாலு சுரமும் ஒலித்து முடிந்தன. என்ன சொல்வது என்று தீர்மானிக்காமலே கேள்விக்காகக் காத்து நின்றாள். கேள்வி வரவில்லை. எட்டிப் பார்த்தாள். மாமனார் தட்டைத் தானே மடிக்கு இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கியிருந்தார். நேற்றையது ஞாபகம் இருக்கிறதா, இல்லை கேட்க வேண்டும் என்பதே மறந்துவிட்டதா? கேட்டால்தான் தெரியும். அவள் கேட்கவில்லை. தண்ணீரைக் கொண்டுபோய் அருகில் வைத்தாள். அவர் நிதானமாக மென்றுகொண்டிருந்தார். கண் மட்டும் அந்த அறை வாசலைவிட்டு அகலவில்லை.