மன்னித்த பிறகும் மனு போடலாம் என்றவர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இருக்கும். கடியப்பட்டணத்தில் என் தையல் கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ராஜன் போனில் அழைத்தார். "அக்கா, சுயம்பு அண்ணாச்சி போயிட்டாரு" என்றார். நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "எந்த ரோட்டுல?" என்று கேட்டேன்.

"ரோட்டுல இல்லக்கா, வீட்டுலயாக்கும். காலம்பற கட்டன்சாயா குடிச்சிட்டு, கொஞ்சம் சாயுதேன்னு சொன்னாராம். பெறவு எழும்பல."

அழுகைக்கு முன்னால் எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. வண்டியடித்துச் செத்தவர்களின் காகிதங்களை நாற்பது ஆண்டுகள் சுமந்து நடந்த மனிதர், எழுபத்திரண்டு வயதில், தம் கட்டிலில், சாயா குடித்த திருப்தியோடு போயிருக்கிறார். "மாதாவே, நன்றி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஜாக்கெட் தைக்க வந்திருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும்?

ராஜன் யார் என்று சொல்லவேண்டும். என் கணவர் எட்வினின் உயிரைப் பறித்த லாரியை ஓட்டியவர் அவர்தான். அவர் என்னை அக்கா என்று அழைப்பதும், நான் அவர் போனை எடுப்பதும் எப்படி நடந்தது என்பதுதான் சுயம்புலிங்கம் அண்ணாச்சியைப் பற்றி நான் சொல்லவேண்டிய கதை.

அண்ணாச்சி வக்கீல் குமாஸ்தா. தக்கலையில் இருக்கும் பத்மநாபபுரம் நீதிமன்றத்தில் விபத்து வழக்கு நடத்துகிற ஒரு வக்கீலிடம் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தார். அய்யா வழிக்காரர்; நெற்றியில் நாமம் இல்லாமல் அவரை யாரும் பார்த்திருக்க முடியாது. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் கறுப்பு ரெக்சின் பை. பைக்கில் ஏறச் சொன்னால் கும்பிட்டு மறுத்துவிடுவார். எங்கு போனாலும் பஸ், பஸ் இல்லையென்றால் நடை. "ஒரு நாளைக்கு எத்தனை போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வாசிக்கேன், எனக்கு இந்த ரெண்டு சக்கரத்துல நம்பிக்கை இல்ல" என்பார்.

எட்வின் மீன் வியாபாரி. விடியற்காலையில் குளச்சல் ஏலத்தில் மீன் எடுத்து, பைக்கின் பின்னால் பெட்டி கட்டி, தக்கலைச் சந்தைக்குக் கொண்டுபோவார். திங்கள்சந்தைக்குப் பக்கத்து வளைவில், ஒரு பஸ்ஸை முந்திக்கொண்டு எதிரே வந்த லாரி அவர்மேல் ஏறியது. லாரியை விட்டு ஓடாமல், அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் ராஜன். நான் போய்ச் சேரும்போது வராந்தாவில் சட்டையெல்லாம் இரத்தமாக உட்கார்ந்திருந்தார். அவரை எட்வினுடைய சிநேகிதர் என்றே நினைத்து, "தம்பி, அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். அவர் அழுதார்.

ஏழாம் நாள் பூசைக்கு அவர் தனியாக வந்தார். கோயில் முற்றத்து மணலில் முழங்கால் போட்டு நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் போய் அவர் தலையைத் தொட்டு, "ஒங்கள நான் மன்னிச்சிட்டேன், எழும்புங்க" என்றேன். பெரிய மனசு என்று ஊரார் சொன்னார்கள். பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த முழங்காலைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. சண்டையோ சாவோ, கோயில் கமிட்டியில் பேசி முடித்தால் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். கோயிலில் முடிந்ததைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது கடவுளை நம்பாததற்குச் சமம். அன்றைக்கும் நோட்டு வந்தது. "ராஜன் மீது எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அதோடு எல்லாம் முடிந்தது என்றே நானும் நினைத்தேன், கமிட்டியும் நினைத்தது, பங்குத்தந்தையும் நினைத்தார்.

நாலாவது மாதம் அண்ணாச்சி வந்தார். வேறொரு வழக்குக்கு எங்கள் ஊருக்கு வந்தவர், சாயாக்கடையில் எங்கள் சங்கதியைக் கேட்டிருக்கிறார். வாசலில் நின்று, "இழப்பீட்டு மனு போட்டாச்சா மக்களே?" என்று கேட்டார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "பிணம் எங்க விழும்னு பாத்துக்கிட்டு இருப்பியளோ? கழுகு மாதிரி வந்து நிக்கிறியள? போங்க வெளிய!" என்று கத்தினேன். கையில் மீன் கழுவின தண்ணீர் இருந்தது. அதை ஊற்றியிருப்பேன், மூத்த மகள் பிடித்துக்கொண்டாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

அவர் கோபப்படவில்லை. "விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு உள்ள போகணும். பெறவு நீங்க தேடி வந்தாலும் நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். அதற்குப் பிறகும் வந்தார். மூன்றாவது தடவை நான் தண்ணீருக்குப் பதில் சாயா கொடுத்தேன். அப்போதும் மனு வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆண்டவர் முன்னால் கொடுத்த வாக்கை எப்படி மீறுவது? நான் மனு போட்டால் ராஜனைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றும் பயம்.

"குற்ற வழக்கு போலீஸ் போட்டது மக்களே. அது அரசாங்கத்துக்க வழக்கு. அத ஒங்களால போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. இது வேற. இதுல ராஜனுக்க பேரும் வரும், லாரி முதலாளிக்க பேரும் வரும். ஆனா லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, குடுக்கவேண்டியது கம்பெனியாக்கும்" என்று பொறுமையாகச் சொன்னார். நான் அசையவில்லை. என் பிடிவாதம் அப்படி.

ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கமிட்டி கூடியிருந்தபோது, நாமம் போட்ட அந்த மனிதர் எங்கள் கோயில் முற்றத்துக்கு நேரே வந்துவிட்டார். பக்கத்தில் ராஜன். பங்குச் சாமியாரைக் கும்பிட்டு, "அந்த நோட்டை ஒண்ணு காட்டணும்" என்று கேட்டார். நோட்டு வந்தது. அந்த வரியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவங்க மன்னிச்சது ராஜனையாக்கும். அது இவங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது, நான் அதுல கை வைக்கல. ஆனா ஒரு சந்தேகம் சாமி. இன்சூரன்ஸ் கம்பெனி எப்ப வந்து இஞ்ச முழங்கால் போட்டுச்சு?"

கமிட்டித் தலைவர் சிரித்துவிட்டார். சாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு. அப்பன் போனதுக்குப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒங்க பங்கை நீங்க விட்டுக்குடுக்கலாம். ரெண்டு பொம்பளப் பிள்ளைகளுக்க பங்கை விட்டுக்குடுக்க ஒங்களுக்கு யாரு அதிகாரம் தந்தா?"

 இத்தனை மாதத்தில் அப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததே இல்லை. ராஜன்தான் முதலில் பேசினார். "அக்கா, போடுங்கக்கா. நடந்தத நடந்தபடி நான் கோர்ட்டுல சொல்லுதேன். இது இப்படியே போனா, இந்தப் பிள்ளைகளுக்க மொகத்த நான் எப்படிப் பாக்க?" சாமியார் நோட்டை மூடி, "போட்டுரும்மா" என்றார். காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் மனு நீதிமன்றத்தில் ஏறியது.

அவர் வேலை செய்யும் விதமே தனி. நாம் வாசித்துக் காட்டாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கமாட்டார். "வாசிக்காமப் போட்டா அது கையெழுத்து இல்ல, கோலமாக்கும்" என்பார். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையை வாசிக்கும்போது நான் உடைந்துபோனேன். "அழுங்க, நல்லா அழுங்க. ஆனா தள்ளி இருந்து அழுங்க, மை கலங்கிரும்" என்றார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்தது. சம்பளச் சீட்டு இல்லாத மீன்காரனுக்கு எந்தக் கோர்ட்டு மதிப்புப் போடும் என்று ஊரில் இளக்காரம் பேசினார்கள். அண்ணாச்சி குளச்சல் ஏலக்காரர் ஒருவரைச் சாட்சிக்கு அழைத்து வந்தார். அவரும் தக்கலைக்கு வந்து, எட்வின் தினமும் எவ்வளவு மீன் எடுப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. கம்பெனி வக்கீல் எங்கிருந்தோ அந்தக் கோயில் நோட்டின் நகலைப் பிடித்துவிட்டார். கூண்டில் நிற்கிற என்னிடம் நீட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே? லாரி ஓட்டியவர் மேல் தவறு இல்லை, உங்கள் கணவர்தான் தவறாக வந்தார். அதனால்தானே வழக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

எனக்குக் கால் நடுங்கியது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. திரும்பிப் பார்த்தேன், அண்ணாச்சியின் முகமும் வெளுத்திருந்தது. நான் போட்ட அந்த ஒரு கையெழுத்தால் பிள்ளைகளின் பங்கு போய்விடுமோ என்று பதறினேன். பதற்றத்தில் எனக்கு வருவது கோபம்தான். கோபத்திலேயே சொன்னேன்:

"தப்பு செய்யாத ஆள நான் எதுக்கு சார் மன்னிக்கணும்?"

நீதிபதி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அதை எழுதினார். கம்பெனி வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி தம் பைக்குள் தலையைவிட்டு எதையோ வெகுநேரம் தேடினார். வெளியே வந்து, "என்னத்தத் தேடினிய அண்ணாச்சி?" என்று கேட்டேன். "சிரிப்ப ஒளிச்சுவைக்க எடம் தேடினேன் மக்களே" என்றார். அடுத்த வாய்தாவில் ராஜன் வந்து, பஸ்ஸை முந்தியதைத் தாமாகவே சொன்னார். குற்ற வழக்கிலும் அவர் எதையும் மறைக்கவில்லை. கொடுத்த தண்டனையை ஏற்றுக்கொண்டார். இப்போது லாரியைத் தொடுவதில்லை, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. தொகையைப் பற்றி எழுத இது இடம் இல்லை. மூத்தவள் நர்சிங் முடித்தாள். இளையவளின் பங்கு, அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை யாரும் தொடமுடியாதபடி வங்கியில் இருந்தது. நான் நினைத்தாலும் தொடமுடியாது என்பதில்தான் எனக்கு மெத்த நிம்மதி. தீர்ப்பு வந்த மறுநாள், என்னைவிட நீளமான ஒரு நெய்மீனைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி வாசலில் நின்று மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மக்களே, நான் சைவமாக்கும்" என்றார். மூன்று வருடம் பழகியும் அது எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்தத் தெருவில் அவர் வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டிலும் மீன்குழம்பு.

செவ்வாய்க்கிழமை நானும் ராஜனும் அவர் வீட்டுக்குப் போனபோது கூட்டம் நிறைந்திருந்தது. புதிதாக நாமம் இட்டிருந்தார்கள். முகம் தெளிவாக இருந்தது. சுவரோரம் குளச்சல்காரி ஒருத்தி, பெயர் ஆயிஷா, இருபத்தைந்து வயது இருக்கலாம், பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் என் கண்ணாடியில் பார்த்த முகம்.

பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். அவள் கணவனை ஒரு கார் அடித்துவிட்டது. வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. கவரில் இருப்பது நகல்கள்; அசல் காகிதமெல்லாம் அண்ணாச்சியிடம்தான், மனு ஏறியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "சாவு வீட்டுல எப்படிக்கா இதக் கேக்க? கேக்காம எப்படிப் போக?" என்றாள்.

நான் வெட்கம் பார்க்கவில்லை. மதினியிடம் போனேன். அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்றுதான் அழைப்பேன். அவர்கள் அழுகையை நிறுத்தி, "நேத்து காய்ச்சலோட கோர்ட்டுக்குப் போனாரு. நாளைக்குப் போலாம்னு எவ்வளவோ சொன்னேன். அந்தப் பிள்ளைக்க நாளு கழிஞ்சிரும்ட்டின்னு சொல்லிட்டு எறங்கிப் போனாரு" என்றார்கள். உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து தந்தார்கள். மேலாகவே இருந்தது மனுவின் நகல். ஆயிஷாவின் பெயர், அவள் குழந்தையின் பெயர், நீதிமன்ற முத்திரை, திங்கட்கிழமைத் தேதி.

அவள் அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். "ஏறிட்டாக்கா?" என்றாள். "ஏறிட்டு மக்கா" என்றேன். கையில் இருந்த கவரைக் கீழே வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "இனிதானக்கா எனக்கு அவருக்காக அழ முடியும்" என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சியின் காலடியில் போய் உட்கார்ந்து அழத்தொடங்கினாள்.

போய்வாருங்கள் அண்ணாச்சி. நீங்கள் பாக்கி வைக்காமல்தான் போயிருக்கிறீர்கள். ஆயிஷாவின் முதல் வாய்தாவுக்கு அவளோடு தக்கலை பஸ்ஸில் நான் ஏறுவேன். கூண்டில் அவளுக்குக் கால் நடுங்கினால், திரும்பிப் பார்க்க ஓர் ஆள் பின்னால் இருக்கவேண்டும் அல்லவா?