தவமணி டீச்சரும் விழுவோர் சங்கமும்

செய்தி வந்தபோது நான் மாவு மில்லில் நின்றிருந்தேன். எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் காலை நேரத்தில் வருவதெல்லாம் பூப்படங்களும் முழங்கால் வலிக்கான கைவைத்தியங்களும்தான். அன்று தவமணி டீச்சரின் மகள் வேலூரிலிருந்து ஒரே ஒரு வரி போட்டிருந்தாள். அம்மா விடியற்காலையில் போய்விட்டார்கள். அதை நான் மறுபடி படிப்பதற்குள் அதே குழுவிலிருக்கும் நெசவாளர் ஏகாம்பரம் போனில் கூப்பிட்டார். "தமிழம்மா, பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்றேன். போனை வைக்க இருவருக்கும் மனமில்லை. அவர் பக்கம் விசைத்தறி ஓடும் சத்தமும் என் பக்கம் மாவு அரைபடும் சத்தமும் எங்களுக்குப் பதிலாகச் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தன.

மதியத்துக்குள் டீச்சரை ஆரணி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். தெள்ளாரிலிருந்து வந்திருந்த அவருடைய சொந்தக்காரர்கள் அன்று கண்ட காட்சியை இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். அறுபதும் எழுபதும் கடந்த கிழங்கள் நாங்கள், வரிசையாக வந்தோம். செருப்பைக் கழற்றி நேராக வைத்தோம். கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து குனிந்து வணங்கி, நிமிர்ந்து நகர்ந்தோம். ஒரு பெரியம்மா தாளமாட்டாமல் கேட்டேவிட்டார், இது எந்த ஊர் வழக்கம் என்று. ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஜப்பான் வழக்கம்மா" என்றார். சாவு வீட்டில் பலருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் எழுந்து உட்கார முடிந்திருந்தால் முதலில் சிரித்திருப்பவர் அவர்தான்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நம்மில் சிலர் பாவாடை தாவணி வயதில் அவரிடம் விழுந்தோம். சிலர் பேரன் பேத்தி எடுத்த பிறகு விழுந்தோம். விழாமல் அவரை அறிந்தவர்கள் அநேகமாக யாருமில்லை.

நாங்கள் இருவரும் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். எனக்குத் தமிழ், அவருக்கு உடற்கல்வி. தெள்ளாருக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில், பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த அப்பா அம்மாவுக்குப் பிறந்து, அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவர். உடற்கல்விக் கல்லூரியில் ஜப்பானிய மல்லுக்கலையான ஜூடோ பழகியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று ஆசிரியர் அறையில் அறிமுகம் நடந்தது. ஜூடோ என்றால் கராத்தே மாதிரியா என்று தலைமை ஆசிரியை கேட்டார். கராத்தேயில் அடிப்பார்கள், இதில் ஆளைப் பிடித்துத் தூக்கிப் போடுவார்கள் என்று விளக்கிவிட்டு, "ஆனா மொதல்ல நாமதாங்க மேடம் விழக் கத்துக்கணும்" என்றார். சொன்னவர் அப்படியே மல்லாந்து விழுந்தார். இரண்டு கைகளும் சிமெண்ட் தரையில் அறைந்த சத்தத்தில் மேசை மேலிருந்த டீ கிளாஸ்கள் அதிர்ந்தன. நான் வீறிட்டுவிட்டேன். அவர் எழுந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, டீ மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். அந்தக் கணத்திலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

பிறகு எத்தனையோ மதிய இடைவேளைகள். நான் விடைத்தாள் திருத்துவேன், அவர் சண்டைக்கலை பேசுவார். பிரேசில் நாட்டுக்கு அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்கள் சண்டையை நடனத்துக்குள் ஒளித்து வைத்துப் பழகினார்கள் என்பார். தாய்லாந்தில் குத்துச்சண்டைக்காரர் மேடையைச் சுற்றி வந்து, மண்டியிட்டு, தன் ஆசானை நினைத்து வணங்கிய பிறகுதான் கையை ஓங்குவார் என்பார். பிலிப்பைன்சில் இரட்டைக் கழி சுற்றுவதைச் செல்போனில் காட்டி, எங்கள் ஊர்த் திருவிழாச் சிலம்பத்துக்கு இது சித்தப்பா மகன் என்பார். ஒருநாள் அவர் சொன்னதை நான் வகுப்பிலும் பலமுறை சொல்லியிருக்கிறேன். "எந்த நாட்டுல வேணா பாருங்க தமிழம்மா, சண்டைக்கு முன்னாடி ஒரு கும்பிடு வச்சிருக்காங்க. எதிர்ல நிக்கிறவன் இல்லன்னா நமக்கு வெளையாட்டே இல்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது."

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு மழைநாளில் சாயப்பட்டறைச் சந்தில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு உடைந்தது, புடவை முழுக்க ராமர் பச்சைச் சாயம். கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, பயம் மட்டும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கடைத்தெருவை விட்டேன், கோயிலை விட்டேன், நூலகத்தை விட்டேன். பெங்களூரிலிருக்கும் மகன் தினமும் போன் செய்து, வெளியே போகாதே அம்மா என்பான். சரி என்பேன். சொல்வதற்கு அது சுலபமாக இருந்தது.

டீச்சர் ஒருநாள் காலையில் வந்தார். நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, என்னையும் கீழே வரச் சொன்னார். உட்கார்ந்தால் எழுந்துகொள்ள முடியாது என்றேன்.

"செவுத்த புடிச்சிகினே எத்தினி நாளு நடப்பீங்க? செவுரு கடத்தெரு வரைக்கும் கூட வருமா?" என்றார்.

கட்டுப் பிரித்த டாக்டரிடம் முன்பே கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. கட்டில் மெத்தையை இழுத்துத் தரையில் போட்டு என்னை மல்லாந்து படுக்க வைத்தார். தலையைத் தூக்கித் தொப்புளைப் பார்க்கச் சொன்னார். விழும்போது வானத்தைப் பார்த்தால் தலை அடிபடும், வயிற்றைப் பார்த்தால் தலை தப்பிக்கும் என்றார். பிறகு இரண்டு கைகளாலும் மெத்தையை அறையச் சொன்னார். அறைந்தேன். இன்னும் பலமாக என்றார். மெத்தையிலிருந்து தூசி கிளம்பியது, இருவரும் தும்மினோம். தும்மிக்கொண்டே சிரித்தோம். ஒருக்களித்து, உள்ளங்கை ஊன்றி, ஒரு முட்டியில் நின்று எப்படி எழுவது என்று காட்டினார். சுவர் இல்லாமல் எழுந்தேன். அன்று அவ்வளவுதான் பாடம். மறுநாள் அவர் வருவதற்கு முன்பே நான் மெத்தையை இறக்கி வைத்திருந்தேன்.

விஷயம் தெருவில் பரவியது. வந்தவர்களுக்கு என் வீட்டு முன்னறை போதவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை, முகூர்த்தம் இல்லாத காலைகளில் எங்களுக்குத் திறந்துவிட்டார்கள். மண்டபக்காரரின் அம்மாவும் எங்களோடு விழுந்ததால் வாடகைப் பேச்சு எழவில்லை. ஆடியும் மார்கழியும் எங்களுக்குக் கொண்டாட்டம். ஏகாம்பரம் அங்கேதான் வந்து சேர்ந்தார். ஆயுள் முழுவதும் குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டுப் பட்டு நெய்தவர். சமதரையில் நடக்கும்போதும் அடுத்த அடியில் ஒரு குழி இருக்கும் என்பது போலவே காலை வைப்பார். பெயர் வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் விழுகலை மன்றம் என்றேன். விழுவோர் சங்கம் என்றால் எல்லாருக்கும் புரியுமே என்றார் ஏகாம்பரம். வாக்கெடுப்பில் தமிழாசிரியையான நான் தோற்றேன்.

எலும்பு தேய்ந்தவர்களை டீச்சர் விழவிடமாட்டார். அவர்களுக்குத் தரையில் உட்கார்ந்து எழுவது மட்டும். மற்றவர்களுக்கு வாரம் ஒரு தேசம். பிரேசில் வாரத்தில் நாங்கள் வட்டமாக நின்று கும்மி தட்ட, நடுவில் இரண்டு பேர் ஆடி அசைந்து ஒருவரையொருவர் ஏய்ப்பார்கள். மங்கோலியா வாரம் எல்லாருக்கும் பிடித்தது. அந்த நாட்டு மல்லர் ஜெயித்ததும் இரண்டு கைகளையும் சிறகாக விரித்துக் கருடனைப் போல ஆடுவாராம். பெருமாள் கோயில் கருடன் அவ்வளவு தூரம் பறந்து போயிருக்கிறாரே என்று ஏகாம்பரத்துக்கு ஒரே சந்தோஷம். எங்கள் சங்கத்தில் விழுந்து தானாக எழுந்தவர்தான் ஜெயித்தவர், அவர் கருடனாட்டம் ஆடலாம் என்று டீச்சர் சட்டம் போட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஏகாம்பரத்தின் மகன் முரளி அப்பாவின் முழங்கையில் ஒரு சிராய்ப்பைப் பார்த்துவிட்டார். விசைத்தறி ஷெட் நடத்துபவர், நல்ல உயரம், கோபக்காரர். நேராக மண்டபத்துக்கு வந்தார். "எங்கப்பாவுக்கு எதனா ஆயிடுச்சின்னா யாருங்க பதில் சொல்றது? வயசானவங்கள வச்சி வெளையாடிகினு இருக்கீங்களா?" என்றார். மண்டபக்காரர் பயந்துவிட்டார். உங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள், அதுவரை வேண்டாம் என்று கூடத்தைப் பூட்டினார். ஏகாம்பரம் வீட்டோடு இருந்தார். நான் மறுபடி சுவர்ப்பக்கமாக நடப்பதை நானே கவனித்தேன். டீச்சர் முகம் வாடி நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

ஆனால் அவர் சும்மா இருப்பவரா? முரளியின் ஷெட்டுக்கே போனார். தறிகளின் இரைச்சலுக்கு நடுவே நின்று, முரளியின் கோபம் நியாயமானது என்றார். தன் அப்பாவுக்கு யாராவது இப்படிச் செய்தால் தானும் இதைவிட அதிகமாகப் பேசுவேன் என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழம ஒரு தபா வந்து உங்கப்பா விழறத பாருங்க தம்பி. அப்பறமும் வேணாம்னு சொன்னீங்கன்னா பாயை நானே சுருட்டிடறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் மண்டபக்காரர் கூடத்தைத் திறந்தார். முரளியோடு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்து கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். முதலில் ஏகாம்பரம். மகனைப் பார்த்ததும் அவர் பாயின் ஓரத்திலேயே நின்றுவிட்டார். டீச்சர் பக்கத்தில் போய் நின்றார், ஆனால் தொடவில்லை. ஏகாம்பரம் குந்தினார். முகவாயை மார்பில் சேர்த்தார். பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். கை பாயில் அறைந்த சத்தம் கூடம் முழுவதும் கேட்டது. முரளி ஓரடி முன்னால் வந்துவிட்டார். அதற்குள் அப்பா ஒருக்களித்து, ஒரு முட்டியில் நின்று, யார் கையையும் தேடாமல் எழுந்துவிட்டார். எழுந்தவர், யாரும் சொல்லாமலே கைகளை விரித்தார். கருடன் பாயைச் சுற்றி வந்தது.

டீச்சர் முரளியிடம் மெதுவாகச் சொன்னார். "மங்கோலியாவுல இன்னொரு வழக்கம் இருக்குது தம்பி. தோத்தவரு ஜெயிச்சவரு கைக்குக் கீழ புகுந்து போவணும். அது அவமானம் இல்ல. மரியாதை."

முரளி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்மேல் வந்தார். அந்த உயரமான மனிதர் நன்றாகக் குனிந்து, விரித்திருந்த அப்பாவின் கைக்குக் கீழே நுழைந்து மறுபக்கம் போனார். போகும்போது அப்பாவின் கை அவர் முதுகில் ஒருமுறை பட்டது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினோம். முரளி போனை வெளியே எடுத்து, "இன்னொரு தபா விழுப்பா, வீடியோ எடுக்கறேன்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் பாய்கள் அவருடைய வேனில்தான் வந்தன.

டீச்சர் கடல் தாண்டிப் போனதில்லை, பாஸ்போர்ட்டும் எடுத்ததில்லை. ஒருமுறை சென்னைக் கடற்கரையில் பிரேசில்காரர்கள் சிலர் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வில் போன்ற ஒரு வாத்தியத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு வட்டமாக நின்றிருந்தார்கள். ஒரு இளம்பெண் பார்வையாளர்களை நோக்கிக் கை நீட்டினாள். நான் தடுப்பதற்குள் டீச்சர் உள்ளே போய்விட்டார். அவள் காலை வீச, இவர் அசைந்து விலகினார். மறுபடி வீச, இவர் மணலில் பின்னால் விழுந்து, தோளில் புரண்டு, எழுந்து நின்று குனிந்து வணங்கினார். அந்தப் பெண் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். இன்னொரு முறை என்று சைகை காட்டினாள். டீச்சர் விழுந்தார். அவளும் அதே மாதிரி விழுந்து பார்த்தாள். வாத்தியக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். திரும்பும் வழியெல்லாம் டீச்சரின் தலைமுடியிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது. "பாஷ ஒண்ணும் தேவப்படல பாத்தீங்களா" என்று காஞ்சிபுரம் வருவதற்குள் பலமுறை சொல்லிவிட்டார்.

நோய் வந்த பிறகு கடைசியாக வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மிகவும் இளைத்திருந்தார். யார் யார் வகுப்புக்கு வருகிறார்கள், மண்டபக்காரரின் அம்மாவுக்கு இடுப்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரித்தார். உங்களால் ஆரணியில் எத்தனை பேர் நிமிர்ந்து நடக்கிறார்கள் தெரியுமா என்றேன். புகழ்ச்சி அவருக்குப் பிடிக்காது. பேச்சை ஜூடோவுக்குத் திருப்பினார்.

"தூக்கிப் போடறவங்க பேருதான் வெளிய தெரியும் தமிழம்மா. எதிர்ல ஒருத்தங்க விழ ஒத்துகினு நிக்கலன்னா அவங்க எத வச்சி கத்துக்குவாங்க? காலேஜ்ல நான் எட கம்மி. எல்லாருக்கும் விழறதுக்கு என்னத்தான் நிக்க வைப்பாங்க. பாவம்னு நெனச்சாங்க. எனக்கு அதுதான் புடிச்சிது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நர்ஸ் வந்து, பேசினது போதும் என்று என்னை அனுப்பிவிட்டார்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் கூடம் திறந்தது. முரளி பாய்களை இறக்கினார். வகுப்பை யார் எடுப்பது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணமங்கலத்திலிருந்து பஸ் ஏறி ஒரு புது அம்மாள் வந்திருந்தார். குளியலறையில் ஒருமுறை விழுந்தவர், மகள் கையை விடாமல் பிடித்திருந்தார். புதிதாக வருபவரை டீச்சர் முதல் நாளே விழவிடமாட்டார். பழகிய ஒருவரை அவர் கையாலேயே தள்ளச் சொல்வார், விழுந்தவர் எழுவதைக் கண்ணால் பார்க்கட்டும் என்பார். அந்த அம்மாளிடம் அதைச் சொன்னேன். "உங்களப் போயி எப்பிடிங்க தள்றது?" என்று அவர் பின்வாங்கினார்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். எதிரில் இருப்பவர் கற்றுக்கொள்வதற்காக, விழச் சம்மதித்து நிற்பது. பாயின் நடுவே போய் நின்று, முகவாயைத் தாழ்த்திக்கொண்டு, தள்ளுங்கம்மா என்றேன். முதலில் விரல் நுனியால் தொட்டார். பிறகு மகளின் கையை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் நன்றாகவே தள்ளினார்.