பக்கத்தில் ஓடுகிறவர்

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் காந்தி மார்க்கெட் வளைவைத் தாண்டிக் கிளம்பிவிட்டது. கட்டைப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் அதன் பின்னால் ஓடுகிறார். பாவம் என்று டிரைவர் வேகத்தைக் குறைக்கப் பார்க்கிறார். அதற்குள் ரோட்டோரம் நிற்கும் குட்டையான, தோள் அகன்ற மனிதர் ஒருவர், "போங்க, போங்க, நிறுத்தாதீங்க!" என்று கையை வீசுகிறார். பஸ் போயே போய்விட்டது. ஓடியவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து சண்டைக்கு நிற்கும்போது இவர் கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தாகிவிட்டது.

"கோச்சுக்காதீங்க சார். பையோட இந்த ஓட்டம் ஓடுறீங்க. பந்து விளையாடுவீங்களா?"

இவர்தான் பிராங்க்ளின். பாலக்கரைக்காரர், வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர், நாற்பத்து மூன்று வயது. மார்க்கெட் யங்ஸ்டர்ஸ் கால்பந்து அணியின் கேப்டன். இருபத்திரண்டு வருஷமாக முன்வரிசையில் ஆடும் அதன் ஒன்பதாம் நம்பரும் அவரேதான். அணியில் பாதிப் பேருக்கு நரை கண்டுவிட்டதே, இன்னும் என்ன யங்ஸ்டர்ஸ் என்று யாராவது கேட்டால், "பேரு வெச்சப்போ யங்காத்தாங்க இருந்தோம்" என்பார். அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

வருத்தமெல்லாம் வேறு இடத்தில். அணியில் பதினோரு பேரும் மார்க்கெட் ஆட்கள். தடுப்பதற்கு அவர்களைப் போல் யாரும் வர முடியாது. எழுபது கிலோ மூட்டையைத் தினம் தோளில் ஏற்றுகிறவர்கள் மீது மோதிவிட்டு எதிராளி எழுந்து நிற்பதே பெரிய விஷயம். ஆனால் முன்னால் போய்க் கோல் போட ஆள் இல்லை. மார்க்கெட்டில் நடக்கிறவன் காலைத் தூக்கி வைக்கமாட்டான். தரையெல்லாம் கோஸ் இலை, நசுங்கிய தக்காளி. தூக்கி வைத்தால் மல்லாந்துவிடுவான். பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து, முழங்காலை மடக்கி, குட்டை குட்டையாக அடிவைத்துப் பழகியவர்கள் மைதானத்திலும் அப்படியே ஓடுகிறார்கள். இந்த வருஷம் பதினொரு ஆட்டத்தில் அணி போட்டது நாலே கோல். அதில் ஒன்று எதிரணிக்காரன் தன் வலைக்குள் தானே போட்டுக்கொண்டது.

"நாங்க தோக்குறதே இல்லீங்க. ஆனா ஜெயிக்கிறதும் இல்ல" என்று கோல்கீப்பர் சுரேஷ்குமார் சொல்வதைக் கேட்டால் சிரிப்பு வரும். பிராங்க்ளினுக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை லீக்கில் மூன்று பிரிவு. யங்ஸ்டர்ஸ் இரண்டாவதில் கடைசிக்கு முந்தின இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே விழுந்தால் மூன்றாம் பிரிவு. அங்கே ஆட ஒருவனும் வரமாட்டான், டீம் கலைந்துவிடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். வேகமாக ஓட இரண்டு கால் வேண்டும். அதைத்தான் ஊரெல்லாம் தேடுகிறார்.

அவர் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். தென்னூரில் மூன்று மாடி ஏறிச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தவர், இத்தனை செகண்டு. பொன்மலையில் மதில் மேல் ஏறிக் குதித்தவர், பெயர் தெரியவில்லை, என்ன காரணம் என்றும் தெரியவில்லை. வையம்பட்டி விவசாயி ஒருவர், மூட்டையில் வாய் வைத்த மாட்டைத் துரத்தியவர். அவர் வந்து ஒரு ஆட்டம் ஆடினார், அறுவடை வந்ததும் போய்விட்டார். ஒரு பெயர் மட்டும் அடிக்கப்பட்டிருக்கிறது. கேட்டால், "நாய் துரத்தி ஓடுனாருங்க. அதெல்லாம் சேராது" என்கிறார். இந்த நேர்மைக்கு என்ன சொல்வது!

மார்க்கெட்டில் பூண்டுக் கடை வைத்திருக்கும் ஆனந்தவள்ளி அவரைப் பார்த்தாலே குரல் கொடுப்பார். "ஏ, யாரும் ஓடாதீங்கப்பா, பிராங்க்ளின் அண்ணன் வராரு. பேர எழுதிக்குவாரு!" அவரும் நின்று, சிரித்துவிட்டு, ஓடினார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்.

போன தை மாதம் ஸ்ரீரங்கத்தில் தேருக்கு முந்தின நாள். சுரேஷ்குமார் பெருமாள் பக்தர். துணைக்கு வாங்க என்று இவரையும் இழுத்துக்கொண்டு போனார். உத்திர வீதியில் நெருக்கியடிக்கிற கூட்டம். அன்று நம்பெருமாள் குதிரை வாகனத்தில் வருகிறார். தேர் நிற்கும் இடத்துக்கு வந்ததும் வையாளி. வாகனத்தைத் தோளில் ஏந்தியவர்கள் அத்தனை பேரும் ஒரே காலாக முன்னும் பின்னும் ஓடுவார்கள். பார்க்கிறவர்களுக்குப் பெருமாளே குதிரையை விரட்டிக்கொண்டு வருவது போலிருக்கும். ஊரே கைகூப்பி மேலே பார்த்தது. பிராங்க்ளின் ஒருவர்தான் குனிந்து கீழே பார்த்தார். வெறுங்கால்கள். மண் தெறிக்கிற கால்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் தோள் மாற்ற வெளியே வந்தார். வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வெளிப்பக்கமாக முந்திப் போய், முன்வரிசையில் இரண்டாவது ஆளாகத் தோளைக் கொடுத்தார். பிராங்க்ளினின் கட்டைவிரல் தானாக ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டது.

"டேய் சுரேசு, பார்த்தியாடா?"

"பார்த்தேன்ணே. கண்ணு கலங்கிருச்சு. என்ன அழகு!"

"யோவ், நான் பெருமாளச் சொல்லல. அந்த ரெண்டாவது கால!"

அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் வரது. இருபத்தாறு வயது, தென்னூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை. மறுவாரமே கடை வாசலில் போய் நின்றுவிட்டார் பிராங்க்ளின். "சாமி, பந்து விளையாடுவீங்களா?"

"காலேஜ்ல ஆடியிருக்கேன். ஏன் கேக்கறேள்? என்னைப் போய் சாமிங்கறேளே?"

"நீங்களும் எங்கள மாதிரி தூக்குறவருதானே. அந்த உரிமையிலதான் கேக்குறேன்."

வரது சிரித்துவிட்டார். "பெருமாளைத் தூக்கறதுன்னு சொல்லப்படாது. ஏளப்பண்றதுன்னுவோம்." எழுந்தருளப் பண்ணுவது என்பதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பிராங்க்ளினுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுநாள் மண்டியில், "நாப்பது மூட்டைய ஏளப்பண்ணிட்டு வரேன், டீ சொல்லி வை" என்றார். மார்க்கெட் முழுக்க இன்றைக்கும் அது நடக்கிறது.

வரது வந்தார். பயிற்சியில் அவர் ஓடியதைப் பார்த்து யங்ஸ்டர்ஸ் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. அடேயப்பா, என்ன வேகம்! ஆனால் ஆட்டம் என்று வந்தால் ஒரு கோளாறு. பந்தை வாங்குகிறார், இரண்டு பேரைத் தாண்டுகிறார், எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். அந்த இடத்தில் ஓட்டம் அடங்கிவிடுகிறது. மெல்ல, யாருக்கோ காத்திருப்பதைப் போல. அதற்குள் நாலு பேர் வந்து சூழ்ந்துவிடுகிறார்கள். ஒரு ஆட்டமல்ல, மூன்று ஆட்டம் இப்படி. "சாமிக்கு முக்கால்வாசி ரோடுதான் போட்டிருக்கு" என்றார் சுரேஷ்குமார்.

பிராங்க்ளின் பூட்ஸை மாற்றிப் பார்த்தார். சரியாகச் சாப்பிடவில்லையோ என்று வாழைப்பழச் சீப்போடு வந்தார். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் பொறுமை போய்விட்டது. "ஏன் சாமி நிறுத்துறீங்க? கோலு கண்ணு முன்னாடி இருக்குதுல்ல!"

வரது தலையைக் குனிந்துகொண்டார். "நான் நிறுத்தலைண்ணா. கால் தானா அடங்கிடறது. சின்ன வயசுலேர்ந்து பழக்கம். பக்கத்துல வரவர் ஒரு அடி பின்னாடி போனாலும் நம்ம தோள் கண்டுபிடிச்சுடும். உடனே வேகத்தைக் குறைச்சுக்கணும். ஒருத்தன் மட்டும் முந்தினா பெருமாள் சாஞ்சுடுவார்."

"இங்க தோள்ல ஒண்ணும் இல்லியே! பக்கத்துல யாரு பின்னாடி போறாங்க?"

வரது நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கேட்ட பிறகுதான் பிராங்க்ளினுக்கே விளங்கியது. வரதுவோடு முன்வரிசையில் ஓடுகிற இன்னொரு ஆள் இந்த அணியில் ஒருவர்தான்.

"நீங்கதாண்ணா" என்றார் வரது.

அன்று சாயங்காலம் டீ ஆறிப்போய்க் கிளாஸில் அப்படியே இருந்தது. வலித்தது மனுஷனுக்கு. வலிக்காமலா? ஊரெல்லாம் ஓடுகிறவர்களைக் கடிகாரம் வைத்து அளந்தவர் தன்னை ஒருநாளும் அளந்துகொண்டதில்லை. மறுநாள் விடிந்ததும் அதைச் செய்தார். ஜி கார்னர் மைதானத்தில் தனியாக, ஒரு கோல்கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை ஓடினார். கையில் ஸ்டாப்வாட்ச். முடிந்ததும் நோட்டில் எழுதினார். மற்றவர்களுக்கு எழுதியது போலவே: பிராங்க்ளின், மூட்டை தூக்குபவர், இத்தனை செகண்டு. பிறகு ஒரு கோடு போட்டு அடித்தார். நாய் துரத்தி ஓடியவருக்குப் பிறகு அந்த நோட்டில் அடிபட்ட இரண்டாவது பெயர் அது.

இதை ஆனந்தவள்ளியிடம் மட்டும் காட்டினார். அவர் பூண்டைப் புடைத்துக்கொண்டே படித்தார். கை நின்றுவிட்டது.

"நீங்க வெளியில வந்துட்டா யாருண்ணே கோல் போடுறது?"

"நான் உள்ள இருந்து மட்டும் யாரு போட்டாங்களாம்?"

"இருவத்திரண்டு வருசம்ண்ணே."

"அதுதாம்மா. கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மூட்டை தூக்கப் போய்விட்டார். ஒளித்துப் பேசுகிற ஆளில்லை அவர்.

கடைசி ஆட்டம் ஜி கார்னரில். பொன்மலைப் பக்கத்து அணி ஒன்றோடு. ஜெயித்தால் இரண்டாம் பிரிவிலேயே இருக்கலாம். சமன் ஆனால்கூட மூன்றாம் பிரிவுதான். சர்ச்சில் காலை ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டு நேரே மைதானத்துக்கு வந்திருந்தார் பிராங்க்ளின். ஆசை யாரை விட்டது? ஒன்பதாம் நம்பர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு முதல் பாதியில் இறங்கினார். இன்று ஒருநாள் மட்டும் வரதுவோடு சேர்ந்து ஓடிவிட முடியாதா என்று உயிரைக் கொடுத்து ஓடினார். முடியவில்லை. இரண்டு தடவை வரது தனியாகப் போய், இரண்டு தடவையும் ஓட்டம் அடங்கி, பந்தைப் பறிகொடுத்தார். யாரும் கோல் போடவில்லை.

இரண்டாம் பாதியில் இருபது நிமிஷம் மிச்சம் இருக்கும்போது பிராங்க்ளின் நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். யாரும் அவரை வெளியே கூப்பிடவில்லை. கூப்பிட அங்கே அவருக்கு மேல் ஆளும் இல்லை. வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது, அதுதான் லீக் விதி. ஜோஸ் என்ற அரிசி மண்டிக்காரர் அவருக்குப் பதிலாக இறங்கினார். "நீ பின்னாடியே நில்லு. முன்னாடி சாமி மட்டும் இருக்கட்டும். தப்பித்தவறிக்கூட பக்கத்துல போயிடாத" என்று அவர் காதில் சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டினார் பிராங்க்ளின். சுரேஷ்குமார் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிய நாலைந்து நிமிஷம் இருக்கும். ஜோஸ் பின்னாலிருந்து உதைத்த பந்து இடது ஓரத்தில் வரதுவின் காலடியில் வந்து விழுந்தது. வரது ஒருவனைத் தாண்டினார். இன்னொருவனையும் தாண்டினார். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். "போ சாமி! போ! போ!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு யாரோ கோட்டுக்கு வெளியே, வரதுவுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறார்கள். ஓடுவது தான்தான் என்பது பிராங்க்ளினுக்கே தெரியாது. இருபத்திரண்டு வருஷத்துக் கால், யாரைக் கேட்டு ஓடும்? மூச்சு இரைக்கிறது, ஒரு அடி பின்தங்குகிறார், இன்னும் ஒரு அடி.

வரதுவின் முகம் லேசாகப் பக்கவாட்டில் திரும்பியது. பார்த்துவிட்டார். கால் அடங்கத் தொடங்கியது.

பிராங்க்ளின் ஓடுகிற ஓட்டத்திலேயே பொத்தென்று மண்ணில் விழுந்து குப்புறப் படுத்துவிட்டார். முகத்தைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டார், தலைமயிர்கூட வரதுவின் கண்ணில் படக்கூடாது என்று. "கோல்!" என்று மைதானம் முழுக்க ஒரே கூச்சல் எழுந்தது, சுரேஷ்குமார் அந்தக் கோடியிலிருந்து "பெருமாளே!" என்று அலறியது நன்றாகவே கேட்டது. அப்போதும் அவர் தலையைத் தூக்கவில்லை. இரண்டு கைகளாலும் பின்னந்தலையை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தார்.