விரல் சிவப்பு, நலம்

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்த பெண்ணின் விரல் நுனிகளில் மருதாணி. உள்ளே படம் எடுத்தார்கள். டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எலும்பு ஒண்ணும் ஆகல சார்" என்றார். நிம்மதியோடு வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மருதாணி கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்தால் நான் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

1944, ஆவணி மாதம். தினமும் டைரி எழுதுகிற நான் அந்த ஒரு நாளின் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். செஞ்சியில் ஒரு டாக்டரிடம் டிரஸ்ஸர் வேலை. புண் துடைப்பேன், கட்டுப் போடுவேன், நோட்டு எழுதுவேன். கடைத்தெரு என்னைக் 'கம்பவுண்டரே' என்றது, நானும் திருத்தவில்லை.

டாக்டருக்கு ஒரு வழக்கம். அடிபட்ட பக்கத்தைத் தொடுமுன் நல்ல பக்கத்தைத் தொடுவார். கோட்டை மலையில் சீத்தாப்பழம் பறிக்கப் போய் உருண்டு வந்த ஒருவர், "ஐயோ, அந்தக் காலு இல்லீங்க, இந்தக் காலு!" என்று அலறினார். "தெரியும்யா. உன் காலு நல்லா இருந்தா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றார் டாக்டர். எக்ஸ்ரே எடுக்க அந்தக் காலத்தில் வெளியூர் போக வேண்டும். நோயாளியின் மறுபக்கம்தான் அவருக்குப் பாடப்புத்தகம்.

டைரியில் வெறுமையாக விட்ட அந்த நாள் காலை ஒன்பது மணிக்குப் பத்மா வந்தாள். தங்கை கல்யாணத்துக்காகத் தாய்வீடு வந்திருந்த சமண வீட்டுப் பெண். கிணற்றடியில் வழுக்கி விழுந்திருந்தாள். வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிவு. கூட வந்த அத்தை, பயத்தை மறைக்கவோ என்னவோ, கேலி பேசிக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணப் பொண்ணு கையை வுட இவ கைதான் செவந்திருக்குது. புருசனுக்கு அவ்ளோ ஆசை."

"சும்மா இரு அத்தே" என்று அந்த வலியிலும் பத்மா சிரித்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சோப்பு நுரை தடவி வளையல்களைக் கழற்றினோம். டாக்டர் எலும்பை நேராக்கிப் பிடிக்க, நான் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினேன். அழகான கட்டு; எனக்கே பெருமை. அதற்குள் அவலூர்பேட்டையிலிருந்து பிரசவக் கேஸ் என்று ஆள் வந்துவிட்டது. டாக்டர் கிளம்பும்போது சொன்னார்: "அரை மணிக்கொரு தரம் விரலைப் பாரு. சூடு, நிறம், அசைவு. மூணும்."

பார்த்தேன். அவள் படுத்திருந்த அறையின் வாசற்படியில் நின்று பார்த்தேன். டாக்டர் இல்லாத நேரத்தில் வயசுப் பெண்ணின் கையைத் தொட எனக்குக் கூச்சம். நோட்டில் எழுதினேன்: 'விரல் சிவப்பு, நலம்.' அரை மணி கழித்து மீண்டும்: 'விரல் சிவப்பு, நலம்.'

பதினொரு மணிக்கு அத்தை வந்தாள். இப்போது கேலி இல்லை. "இன்னா கம்பவுண்டரே, பொண்ணு துடிக்குது. கட்டைக் கொஞ்சம் தளத்தக் கூடாதா?"

"எலும்பு முறிஞ்சா வலிக்கத்தாம்மா செய்யும். தளத்துனா எலும்பு நகந்துடும்."

பன்னிரண்டுக்குப் பத்மாவின் அழுகை நின்றது. நான் நல்ல அறிகுறி என்று நினைத்தேன். "வெரலு என்னுது மாதிரியே இல்ல அத்தே" என்று அவள் முனகியது காதில் விழுந்தும் நோட்டில் ஏறவில்லை.

டாக்டர் வரவேண்டிய கரி பஸ் ஒரு மணிக்கு வரவில்லை. பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடிய போர்க்காலத்து பஸ், எந்த மேட்டில் மூச்சு வாங்கி நின்றதோ. இரண்டரைக்கு வந்து சேர்ந்தார். நான் நோட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

முதலில் பத்மாவின் இடது கை. தன் புறங்கையை அந்த விரல்களில் வைத்தார். பிறகு வலது கைவிரல்களில் வைத்தார். முகம் மாறியது. ஒரு நகத்தை அழுத்தி விட்டார். சிவப்பு வெளுக்காமல் அப்படியே இருந்தது. இடது கை நகத்தை அழுத்தினார். அதுவும் அப்படியே. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது ரத்தமாடா? மருதாணி!"

வலது நடுவிரலை மெல்ல நிமிர்த்தினார். பத்மா போட்ட அலறலில் தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

"கத்திரி."

கடைசி நூல் வரை வெட்டினார். கட்டின் வரிகள் தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தன. டாக்டர் மணிக்கட்டில் நாடி தேடினார். விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினார். சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. அன்று நான் நேரம் பார்க்காத ஒரே இடம் அது.

அத்தைதான் முதலில் சொன்னாள், அந்த விரல்களைத் தன் கன்னத்தில் வைத்தபடி: "சூடு வருதுங்க."

சிறிது பொறுத்து டாக்டர் தலையசைத்தார். "இன்னும் ரெண்டு மணி போயிருந்தா, கை கட்டையாப் போயிருக்கும்."

சாயங்காலம் என் வரிகளை அடிக்கப் பேனாவை எடுத்தேன். "அடிக்காத. அதுக்குக் கீழயே நடந்ததை எழுது" என்றார். எழுதினேன்.

கை பிழைத்தது, சுண்டுவிரல் மட்டும் கடைசி வரை முழுதாக நிமிரவில்லை. பிற்பாடு தாய்வீடு வரும்போது கடைத்தெருவில் என்னைக் கண்டால் பத்மா அந்தக் கையையும் சேர்த்துத்தான் கும்பிடுவாள். நான்தான் விரலைப் பார்க்காமல் பேசப் பழகினேன்.

செஞ்சி டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். டிஸ்பென்சரி இருந்த இடத்தில் செருப்புக் கடை. நோட்டுகளைக் கரையான் தின்றது. என் பொய் வரிகளும் அதற்குக் கீழே எழுதியதும் சேர்ந்தே போயின. போன வாரம் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் பிலிமைப் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் என் அடிபடாத இடது கையையும் சேர்த்து நீட்டியிருந்தேன். "அந்தக் கைக்கு என்ன சார்?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று இறக்கிக்கொண்டேன்.