நான் நீக்கிய எட்டாவது வரி

பதுளையில் எங்கள் பொறியியல் சங்கம் மாதம் ஒரு சனிக்கிழமை பொதுமக்களுக்காகப் பேச்சும் செய்முறை விளக்கமும் நடத்தும். பாலம் எப்படிப் பாரம் தாங்குகிறது, இடிதாங்கி எப்படி வேலை செய்கிறது என்பது போன்ற தலைப்புகள். பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். மண்சரிவைப் பற்றித் தேயிலைத் தோட்டங்களுக்கே போய்த் தமிழில் சொல்ல வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது நான் கை தூக்கினேன். முதல் கூட்டத்தை எங்கள் தோட்டத்திலேயே வைக்கலாம் என்றேன். தெமோதரைக்கு அப்பால் இருக்கும் அந்தத் தோட்டத்தில், காம்பிரா என்னும் ஒற்றை அறைகள் வரிசையாக நிற்கும் லயத்தில்தான் பிறந்தேன். அக்கா அப்போதும் அங்கேதான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஒரு தகரத் தட்டில் மண்ணைச் சரிவாகக் குவித்து, நடுவில் தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து லயம் என்றேன். பூவாளியால் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மண் முழுவதும் ஒரே அசைவில் வழுக்கி, தீப்பெட்டிகளை அள்ளிக்கொண்டு தட்டின் விளிம்புக்கு வந்தது. அக்காவின் பக்கத்துக் காம்பிராவில் இருந்த பெரியம்மா கேட்டார்:

"தொரை பங்களாவ எங்க புள்ள வச்ச? அது சரியவே சரியாதா?"

களமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்து மழைமானி. இரண்டு லீற்றர் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகப் பொருத்தி, பக்கத்தில் அளவுத் தாள் ஒட்டி, ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தேன். தினமும் காலை எட்டு மணிக்கு அளவைக் குறித்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கோட்டைத் தொட்டால் எல்லோரும் பாடசாலைக்குப் போய்விட வேண்டும். இதையும், சுவரில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றையும் சேர்த்து ஏழு வரிகளாக ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன்.

"போத்தல யாரு பாத்துக்குறது?" என்று கேட்டேன்.

"என் தங்கச்சி செஞ்ச போத்தல். நான்தான் பாப்பேன்" என்றாள் அக்கா.

"இனி இவ நெலத்துல நடக்க மாட்டா" என்றார் பெரியம்மா.

ஆறு மாதம் அக்கா ஒரு நாளும் தவறவில்லை. வேலைக்குப் போகும் நாளில் பெரியம்மாவைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போவாள். பழைய கொப்பி ஒன்றில் தேதி, அளவு, கோட்டுக்கு மேலா கீழா என்று எழுதிவைத்தாள். போனில் முதலில் மழையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வாள்.

பிறகு அந்த மூன்று நாள் மழை வந்தது. மூன்றாம் நாள் தோட்டத்தில் வேலை இல்லை. எட்டு மணிக்கு அக்கா போத்தலைப் பார்த்திருக்கிறாள். பெரியம்மா காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

"என்னாடி, போகணுமா?"

"கோடு தொடல பெரியம்மா. பேசாம போய்ப் படுங்க. நான் கடைக்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வாறேன்."

அக்கா கடையில் நிற்கும்போதுதான் மலை இறங்கியது. லயத்தின் கடைசி மூன்று காம்பிராக்கள் போயின. உள்ளே இருந்தது பெரியம்மா ஒருவர்தான். அவரை உயிரோடு எடுக்க முடியவில்லை.

மறுநாள் நான் போனபோது எல்லோரும் பாடசாலை மண்டபத்தில் இருந்தார்கள். அக்கா மூலையில் உட்கார்ந்திருந்தாள். கொப்பி அவள் சட்டைக்குள் இருந்தது, எடுத்துக் கொடுத்தாள்.

"பாரு. நான் சரியாத்தானே பாத்தேன்?"

மூன்று நாளும் கோட்டுக்குக் கீழே. மூன்றையும் கூட்டினேன். கோட்டுக்கு வெகு மேலே.

முதலில் நான் எழுதிய தாளில் எட்டு வரிகள் இருந்தன. கடைசி மூன்று நாட்களின் அளவையும் கூட்டிப் பார்க்க வேண்டும், அது இவ்வளவைத் தாண்டினால் கோடு தொடாவிட்டாலும் வெளியேற வேண்டும் என்பது எட்டாவது. அந்த மூன்று நாள் மழை அந்த அளவையும் தாண்டியிருந்தது. அதை நீக்கியதற்குத் தாளில் இடம் போதவில்லை என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், தோட்டத்து ஆட்களுக்குக் கூட்டல் எல்லாம் சிரமம், ஒரு கோடு போதும் என்று நான் நினைத்தது. சங்கத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. லயத்தில் பிறந்த நானே முடிவு செய்து நீக்கினேன்.

"சரியாத்தான் பாத்திருக்க அக்கா" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

இரண்டு மாதம் சொல்லவில்லை. அந்த இரண்டு மாதத்தில் தண்ணீர்க் குழாயடியில் அக்கா வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். "பேசாம படுங்கன்னு சொல்லிட்டு இவ மட்டும் கடைக்குப் போயிட்டா" என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள். லயத்தின் மறுமுனையில் இருந்த பெரியம்மாவின் மகள் அக்காவின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினாள். எல்லாவற்றையும் அக்காவே எனக்குப் போனில் சொன்னாள், அழாமல். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பூனாகலைப் பக்கம் அதே செய்முறையை நடத்தச் சங்கம் தீர்மானித்தது. அதே தாளை இருநூறு பிரதி அடிக்கச் சொன்னார்கள். கணினியில் எட்டாவது வரியைத் திரும்பச் சேர்த்தேன். சேர்த்துவிட்டால் போதும், யாரும் பழைய தாளோடு ஒப்பிடப்போவதில்லை என்றும் தோன்றியது. ஆனால் அக்காமேல் விழுந்த பழி அதனால் நீங்காது. அடுத்த நாள் சங்கச் செயலாளரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, பஸ் ஏறி அக்காவிடம் போனேன்.

தற்காலிகமாகக் கொடுத்திருந்த தகரக் கொட்டகைக்குள் புதிய தாளை அவள் கையில் கொடுத்தேன். எட்டாவது வரியை வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

"இது அன்னைக்கு இல்லயே."

"நான்தான் எடுத்தேன்."

"ஏன்?"

சொன்னேன். ஒரு சொல்லும் மறைக்காமல் சொன்னேன்.

"ஒரு நாளைக்குக் கொழுந்து மூணு நிறுவை. மூணு கிலோவையும் மனசுலயே கூட்டி, கொறைச்சுப் போட்டா கணக்கப்புள்ளகிட்ட சண்ட புடிக்கிறவ நான். எனக்குக் கூட்டத் தெரியாதுன்னா நெனச்ச?"

அவள் தாளை நான்காக மடித்தாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மண்டபத்துல, கொப்பி பாத்தப்ப."

அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். "வா" என்று மட்டும் சொன்னாள்.

நான்கு கொட்டகை தள்ளி, பெரியம்மாவின் மகள் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவ ஒரு விசயம் சொல்ல வந்திருக்கா. என்னயப் பாக்க வேணாம். அவ சொல்றதக் கேளு" என்றாள் அக்கா.

நின்றபடியே சொன்னேன். மூன்று நாட்களின் அளவுகளையும் சொன்னேன். அரிசிச் சட்டியிலிருந்த கையை அவள் வெளியே எடுக்கவே இல்லை. நான் முடித்ததும் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா" என்றாள். "மாத்திரை வாங்கத்தான் போனீங்களா?"

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக அழாதவள் அழுதாள். பெரியம்மாவின் மகள் ஈரக் கையால் அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு இருவரும் உள்ளே போனார்கள்.

நான் வாசலில் நின்றேன். என்னை உள்ளே கூப்பிட அவர்கள் இருவருக்கும் தோன்றவில்லை.