பெட்டி ஒட்டிக்கொண்டே படித்த பிலிப்பினோ

பார்சல் தொழிலில் டேப் ஒட்டக் கையும் பெட்டி தூக்க முதுகும் இருந்தால் போதும், வாய் தேவையில்லை என்று நம்பித்தான் கடல் கடந்து வந்து இல்ஃபோர்டில் கடை திறந்தேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுக்கிற சக பாவிகளே, நீங்களும் இப்படித்தான் ஏமாந்திருப்பீர்கள்.

என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பிலிப்பினோக்கள். மாதக்கணக்கில் சாமான் சேர்த்து, பெட்டி நிறைந்ததும் கப்பலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். என் ஒரே மகள் வானதியும் அந்த நாட்டுப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு ஆறு வருஷத்துக்கு முன் மணிலாவுக்குப் போய்விட்டாள். எனக்கு விருப்பமில்லாத கலியாணம். அன்றிலிருந்து அவளுடன் நான் கதைப்பதில்லை. போன மாதம் மனைவி இரண்டு டிக்கெட்டை மேசையில் வைத்து, "நான் போகப்போறன். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ" என்றாள். நான் பிலிப்பினோப் பாஷை படிக்கத் தொடங்கினேன்.

விலை கேட்பது

முதலில் பிடித்தது டெஸ்ஸை. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், வருஷக்கணக்காக என்னிடம்தான் பெட்டி அனுப்புகிறாள். என்னை 'குயா' என்பாள். எங்கள் 'அண்ணை' மாதிரி. பயணிக்குத் தேவையான சொற்களை எழுதித் தா என்று ஒரு பழைய அட்டையை நீட்டினேன். 'குமுஸ்தா' என்றால் எப்படிச் சுகம், 'சலாமாத்' என்றால் நன்றி. நான் எல்லாவற்றுக்கும் முதல் கேட்டது 'என்ன விலை' என்பதை. 'மக்கானோ' என்று எழுதிவிட்டு, சிரித்தபடி இங்கிலீஷில் கேட்டாள்.

"குயா, நீங்கள் சந்தைக்குப் போகிறீர்களா, மகளிடம் போகிறீர்களா?"

பயிற்சி

படித்தால் மட்டும் போதுமா? கதவு திறந்த சத்தம் கேட்டதும், குனிந்து டேப் ஒட்டிக்கொண்டே "குமுஸ்தா!" என்று உரத்துச் சொன்னேன். பதில் இல்லை. இன்னும் உரத்துச் சொன்னேன். நிமிர்ந்தால், நெற்றியில் திருநீறோடு ஒருவர்.

"அண்ணை, நான் இங்க பக்கத்தில குட்மேய்ஸ். பெட்டி யாழ்ப்பாணத்துக்கு. தமிழிலயே கதையுங்கோ."

சப்பாத்து

டெஸ் மகனுக்கென்று ஒரு சோடி சப்பாத்தைப் பெட்டிக்குள் வைத்தாள். அவனைத் தன் தாயிடம் விட்டு வந்தபோது கால் உள்ளங்கைக்குள் அடங்குமாம். இப்போது அவளுடையதைவிடப் பெரிதாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன அளவு வரும் என்று கேட்டேன். என் பேரனுக்குத்தான். மனைவி மகளோடு வீடியோவில் கதைக்கும்போது நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பவன். அவன் குரல் தெரியும், கால் தெரியாது.

"என்னிடம் ஏன் கேட்கிறீர்கள், குயா? உங்கள் மகளுக்கு டெலிபோன் இல்லையா?"

விடைபெறுவது

கடைசியாக, புறப்படும்போது என்ன சொல்வது என்று கேட்டேன். 'பாஆலம்' என்று ஒரு சொல் இருக்கிறதாம். அது திரும்பி வராதவர்கள் சொல்வது, நான் எழுதமாட்டேன் என்றாள். அதற்குப் பதிலாக 'பபாலிக் ஆகோ' என்று எழுதினாள்: திரும்பி வருவேன்.

நாங்களும் 'போறன்' என்று சொல்லமாட்டோம், 'போட்டு வாறன்' என்றுதான் சொல்வோம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆறு வருஷத்துக்கு முன் வானதி சூட்கேசோடு வாசலில் நின்று "போட்டு வாறன், அப்பா" என்றதையும், நான் டிவியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்ததையும் சொன்னேன். எத்தனையோ பேரிடம் மறைத்ததை ஒரு பெட்டிக்காரியிடம் கொட்டிவிட்டேன். டெஸ் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். நான் வழக்கம்போல "போட்டு வாங்கோ" என்றேன். அவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"எனக்கு ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். அவளுக்கு ஒரு முறை சொல்லியிருக்கலாமே, குயா."

அளவு

அன்று பின்னேரம் மனைவியின் கையிலிருந்து போனை வாங்கினேன். அட்டையில் எழுதியது ஒன்றும் வாயில் வரவில்லை. தமிழும் வரவில்லை. கடைசியில் "பேரனுக்கு என்ன சைஸ் சப்பாத்து?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் வானதி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நீங்களே வந்து அளந்து பாருங்கோ, அப்பா."

எத்தனையோ பெட்டிகளை மணிலாவுக்கு அனுப்பியவனுக்கு, தன்னை அனுப்பத்தான் ஆறு வருஷம் பிடித்தது.