தேங்காய்ப்பட்டணத்திலிருந்து நாகர்கோவிலுக்கு இருபத்திரண்டு வளையங்கள்

2013 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மகள் ஜெனியோடு நாகர்கோவில் போனேன். அங்கே ஒரு கல்லூரியில் அவள் தன் ஆய்வைப் பெரிய படமாக மாட்டி விளக்க வேண்டும். தேறினால் வெளியூர் ஆய்வு நிலையத்தில் இரண்டு மாதம் பயிற்சி. இருப்பது ஒரே இடம். இதுபோல் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு. அதையும் இரண்டு தடவை எழுதியவன்.

ஆய்வு என்னவென்றால், மிகப் பெரிய நட்சத்திரங்கள் தங்கள் மேல்பகுதியை ஊதித் தள்ளுமாம். அந்த வாயுவும் தூசியும் சுற்றிலும் ஓடு மாதிரி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, வெப்பத்தைப் பிடிக்கும் அகச்சிவப்புத் தொலைநோக்கியில் வளையமாகத் தெரியும். விண்வெளியிலிருந்து வானம் முழுக்க அப்படி எடுத்த படங்கள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. இருவர் தனித்தனியே பார்த்து, இருவரும் குறித்த வளையத்தை மட்டும் கணக்கில் எடுப்பது ஜெனி வைத்த விதி. இரண்டாவது ஆள் நான். துபாயில் பதினொரு வருடம் வெப்பக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மின்பலகைகளைப் பார்த்தவன் என்ற தகுதி.

இருவரும் குறித்தவை பத்தொன்பது. நான் மட்டும் குறித்தவை மூன்று. சந்தேகமாக இருக்கிறது என்றாள். ஒரு வாரம் நச்சரித்து அவற்றையும் சேர்க்க வைத்தேன்.

காலை 6.20 பஸ், ஆளுக்கு 18 ரூபாய். 36 கிலோமீட்டரை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கடந்து வடசேரி பஸ் நிலையத்தில் இறக்கினார்கள். தோசை, சாயா முடித்து ஆட்டோவில் கோட்டாறு, 50 ரூபாய். ஃபிளெக்ஸ் கடை ஒன்பதுக்குத்தான் திறந்தது. நாலுக்கு மூன்று அடி, 120 ரூபாய்.

படம் வெளியே வந்ததும் கடைக்காரர் கேட்டார்: “கண்ணாஸ்பத்திரி திறப்பு விழாவா அண்ணாச்சி? மூலையில ஒங்க படமும் போட்டிரட்டா?”

சம்மதித்திருப்பேன். அதற்குள் என் மூன்று வளையங்களும் கண்ணில் பட்டன. மூன்றும் ஒரே அளவு. மூன்றுக்கும் பக்கத்தில் பளீரென்று ஒரு நட்சத்திரம், ஒரே திசையில், ஒரே தூரத்தில். துபாயில் ஒருமுறை பளபளப்பான செம்புப் பட்டையில் கடும் சூடு என்று எழுதிக் கொடுத்து, ஆலையில் பாதியை நிறுத்த வைத்தேன். பட்டையில் தெரிந்தது என் உடம்புச் சூட்டின் பிரதிபலிப்பு. நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. இதுவும் அதே கூத்துதான். பக்கத்து நட்சத்திரத்தின் ஒளி தொலைநோக்கிக்குள்ளேயே பட்டுத் தெறித்திருக்கிறது.

மணி 9.40. பத்தரைக்கு அவள் முறை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போகலாம். சொன்னேன்.

ஜெனி ஸ்கேலை வாங்கி மூன்றையும் அளந்தாள். முகம் சுண்டிப்போனது. “எனக்க விதிய நானே மீறினேன் பாத்தியளா” என்றாள். புதிதாக அடிக்க ஒரு மணி நேரம் ஆகும். வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். அவள் சிவப்பு மார்க்கர் வாங்கி என் கையில் தந்தாள்.

“மறைக்காண்டாம். நீங்களே வெட்டுங்கப்பா.”

மூன்றையும் வெட்டினேன். அவசரமாக இழுத்ததில் மூன்றாவது கோடு நல்ல நட்சத்திரம் ஒன்றையும் சேர்த்துத் தின்றது.

தேர்வாளரான பேராசிரியை முதலில் கேட்டதே அந்தச் சிவப்புக் கோடுகளைப் பற்றித்தான். ஜெனி எதையும் விடாமல் சொன்னாள். பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்துவிட்டு, மீதிப் பத்தொன்பதில் இவர் கண்ணை எப்படி நம்புவது என்றார் அந்த அம்மா.

“நம்பலாம் மேடம். தப்புன்னு தெரிஞ்சா அவரே வந்து சொல்லிருவாரு.”

குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரைக்கு முடிவு சொன்னார்கள், இடம் ஜெனிக்கு.

போகிறவர்களுக்கு: படத்தை முந்தின நாளே பெரிதாக அடித்துச் சுவரில் மாட்டிப் பாருங்கள். கணினித் திரையில் தெரியாதது அதில் தெரியும். வடசேரியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பிள்ளையின் சந்தேகத்தை நச்சரித்துக் கெடுக்காதீர்கள். கெடுத்துவிட்டால், சிவப்பு மார்க்கர் பதினைந்து ரூபாய்தான்.